நள்ளிரவு 12:07-க்கு அடித்த வெயில்

மெமரி கார்டில் இருந்த முதல் படத்தின் தேதி 01.01.2008. நேரம், நள்ளிரவு கடந்து 7 நிமிடம். படத்திலோ உச்சி வெயில். கொசஸ்தலை ஆற்றின் ஓரம் முழங்கால் அளவு சாம்பல் சேற்றில் ஒருவர் நிற்கிறார். அவருடைய நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அடுத்த படம் 12:09. அதிலும் வெயில். இப்படி 214 படங்கள். எல்லாமே 2008 ஜனவரி 1 முதல் 9 வரை எடுக்கப்பட்டவை என்று கேமரா சத்தியம் செய்தது. எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த ஜனவரியில் பிறந்திருக்கவே இல்லை.

தப்பு பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது. 2022 கோடை விடுமுறையில் எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் நடக்கும் மாலை நேர டியூஷன் சென்டருக்கு ஆறு பழைய டிஜிட்டல் கேமராக்கள் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். பேட்டரி போட்டேன், கார்டு போட்டேன், ஃப்ளாஷ் அடிக்கிறதா என்று பார்த்தேன். பவர் ஆன் செய்ததும் 'தேதியையும் நேரத்தையும் அமைக்கவும்' என்று திரையில் வந்ததை மெனு பட்டனை அமுக்கித் தள்ளிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிறவன். ஒரு லாக் ஃபைலில் நேரம் ஐந்து நொடி பிசகினால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து தேடுகிறவன். பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்தானே என்ற அலட்சியம், வேறென்ன.

ப்ராஜெக்டின் பெயர் 'எங்கள் ஆறு'. வழக்கமாக இதற்கு என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டேஷனரி கடையில் பட சார்ட் வாங்குவோம், கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டுவோம், கீழே ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதுவோம். ஆறு என்ற சார்ட்டில் பச்சை மலை இருக்கும், மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். எண்ணூரில் பிறந்த பிள்ளை அந்த மானை வெட்டி ஒட்டி 'எங்கள் ஆறு' என்று எழுதும். சென்டரை நடத்தும் மிஸ்ஸுக்கு இது ரொம்ப நாளாக உறுத்தியிருக்கிறது. "மான் வேணாம் சார். இதுங்களே போய் எடுத்துட்டு வரட்டும். என்ன கேமரா வாங்கலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

என்ன கேமரா வாங்கலாம் என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை அளவுக்குப் படித்துத் தொலைத்தேன்.

*

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போட்டதில் 20,000 ரூபாய் தேறியது. உடனே ஒரு கட்சி, பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கலாம் என்றது. "வாங்குறதே வாங்குறோம், உருப்படியா ஒண்ணு வாங்குவோம்டா." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் நான் படித்த பள்ளியின் இரும்பு பீரோ ஞாபகம் வந்தது.

அந்தப் பள்ளியிலும் உருப்படியான கேமரா ஒன்று இருந்தது. யாரோ முன்னாள் மாணவர் வெளிநாட்டிலிருந்து கொடுத்தது. ஆறு வருடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆண்டு விழாவில் ஒரு முறை, அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது ஒரு முறை. சாவி தலைமையாசிரியரிடம், கேமரா பி.டி. மாஸ்டரிடம். நாங்கள் அதன் எதிரே வரிசையாக நின்றோம், உயரம் குறைந்தவர்கள் முன்னால். கேமராவுக்கும் எங்களுக்குமான உறவு அவ்வளவுதான்: அது பார்க்கும், நாங்கள் அசையாமல் இருக்க வேண்டும்.

சென்னையில் கேமராவும் பள்ளியும் சந்தித்த கதை ரொம்பப் பழையது. இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856-ல்தான் மதராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1850-ல், மதராஸில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கியவர் அவர். இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அந்தப் பள்ளிதான். ஓவியம், மண்பாண்டம், மர அச்சு ஆகியவற்றோடு போட்டோ எடுக்கவும் அங்கே உள்ளூர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். போட்டோ கலை பிறந்து இருபது வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

அப்படிக் கற்றவர்களில் பெயர் தெரிகிற ஒருவர் சி. அய்யாசாமி. மதராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரிக்கு உதவியாளராக இருந்தவர். ட்ரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர் படங்களை இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். இன்று போனைப் பக்கவாட்டில் நகர்த்தி 'பேனோ' எடுக்கிறோமே, அதை 1858-ல் மாட்டு வண்டியில் ரசாயனப் புட்டிகளைக் கட்டிக்கொண்டு போய்ச் செய்திருக்கிறார்கள். அந்தப் புட்டிகளைத் தூக்கியது, கலக்கியது, அச்சைக் கழுவியது எல்லாம் யார் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஆனால் ஆல்பத்தின் அட்டையில் இருப்பது ட்ரைப்பின் பெயர்.

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் கணக்கு நோட்டைப் புரட்டினார். அரசாங்கச் செலவில் போட்டோ எடுப்பது நம் கஜானா தாங்காத ஆடம்பரம் என்று முடிவு செய்து ட்ரைப்பின் வேலையை நிறுத்தினார். அதற்கப்புறம் எத்தனையோ பள்ளி அலுவலகங்களில் கேமரா பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு இது முன்னோடி என்று சொல்வேன். விலை உயர்ந்த ஒரே ஒரு கருவி, அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒருநாள் அது ஆடம்பரமாகத் தெரிகிறது, பிறகு பூட்டு.

இந்தப் பூட்டை உடைத்தது ஒரு அட்டைப்பெட்டி. 1900 பிப்ரவரியில் ஈஸ்ட்மன் கோடாக் 'பிரவுனி' என்ற கேமராவை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. பெயரே குழந்தைகளுக்கான சித்திரக் கதையில் வரும் குட்டிப் பூதங்களின் பெயர். ஆறு படம் எடுக்கும் சுருள் 15 சென்ட். ஃபோகஸ் கிடையாது, வ்யூஃபைண்டர்கூடக் கிடையாது. மேலே போட்டிருக்கும் கோடுகளை வைத்துக் குத்துமதிப்பாகக் குறி பார்க்க வேண்டும். முதல் வருடத்திலேயே ஒன்றரை லட்சம் விற்றது. ஈஸ்ட்மன் ஒன்றும் தர்மம் பண்ணவில்லை, பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க ஃபிலிம் வாங்குவார்கள் என்ற கணக்குதான். ஆனால் தொலைந்தால் தொலையட்டும், உடைந்தால் உடையட்டும் என்று பெரியவர்கள் நினைக்கும் விலைக்குக் கேமரா வந்தது அப்போதுதான்.

நம் ஊருக்கு அந்த விலை வர இன்னும் ரொம்ப நாள் ஆனது. கேமராவை விட ஃபிலிம்தான் இடித்தது. ஃபிலிமை இறக்குமதி செய்து கட்டுப்படியாகாது என்றுதான் 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கினார்கள். 1967-ல் உற்பத்தி ஆரம்பம். தூசியில்லாத குளிர்ந்த காற்று தேவை என்பதால் மலை மேல் தொழிற்சாலை. கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு வைத்த பெயர் 'இந்து', அதாவது நிலா. என் அப்பா வயதுக்காரர்களின் பள்ளி குரூப் போட்டோக்களில் பல அந்த நிலாவில் பதிந்தவைதான். ஊர் கலருக்கு மாறியதும் அந்த ஆலை நொடித்துப்போனது.

எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது கோடாக் கே.பி.10. கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, பொத்தானை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு ஏழைச் சத்தம். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் இருந்தது. ஆனால் 36 படம் என்ற கணக்கு வீட்டில் எல்லோர் மனதிலும் ஓடிக்கொண்டே இருக்கும். பிறந்தநாளுக்கு நாலு, பொங்கலுக்கு ஆறு, மீதியை அக்கா கல்யாணத்துக்கு வைத்திரு. அந்தக் கணக்கில் சாக்கடையைப் படம் எடுக்கவோ, உரத் தொழிற்சாலைப் புகையைப் படம் எடுக்கவோ யாருக்கு மனசு வரும்? நாங்கள் வளர்ந்த வட சென்னையின் புகையும் கழிவும் எங்கள் ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட இல்லை. எல்லாப் படத்திலும் பின்னணி ஸ்டுடியோக்காரர் தொங்கவிட்ட காஷ்மீர்.

*

ஃபிலிம் இல்லாத கேமராவையும் முதலில் செய்தது ஃபிலிம் விற்ற கம்பெனிதான். 1975-ல் கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் கூட்டிப் பொருத்திய பெட்டி மூன்றரைக் கிலோவுக்கு மேல். அகலத்தில் 100 புள்ளி, உயரத்தில் 100 புள்ளி. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி. கம்பெனி அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டது. 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. மேலாண்மைப் புத்தகங்களில் தேய்ந்துபோன கதை, விடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு முக்கியமான திருப்பம் 1997-ல். சோனி 'டிஜிட்டல் மாவிகா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செங்கல் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் ஃப்ளாப்பி டிஸ்க் போடும் வாய். ஆம், 1.44 எம்.பி. ஃப்ளாப்பி. அதற்கு மூன்று வருடம் முன்னால் வந்த ஆப்பிள் குவிக்டேக் 640-க்கு 480 அளவில் எட்டே எட்டுப் படம் எடுக்கும். எடுத்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற கேபிளும் தனி மென்பொருளும் வேண்டும். மாவிகாவில் அந்தத் தொல்லையே இல்லை. ஃப்ளாப்பியை உருவி, எந்தக் கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் சொருகு. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். ஒரு கேமரா போதும். பிள்ளைக்கு ஒரு ஃப்ளாப்பி. கேமரா பொதுச்சொத்து, படம் அவரவர் சொத்து. யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல பள்ளிக் கேமரா அதற்குப் பிறகு வடிவமைக்கப்படவே இல்லை என்றுகூடத் தோன்றுகிறது. (எங்கள் பொறியியல் கல்லூரியில் ஒன்று இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள்.)

பிறகு மெகாபிக்சல் சண்டை, அது உங்களுக்குத் தெரிந்ததே. 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேலான டிஜிட்டல் கேமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போயின. 2020-ல் அது ஒரு கோடிக்கும் கீழே. பத்தே வருடத்தில் போன் அதை முழுங்கிவிட்டது. முழுங்கியபோது மிச்சம் விட்ட எலும்புகள் எங்கே போய்ச் சேரும்? சென்னையில் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார்.

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக வந்த கடை வரிசை அது. துறைமுகத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பதால் உலகத்தில் எது பழசானாலும் அங்கே ஒருநாள் வரும். 2022-ல் நான் போனபோது பழைய காம்பாக்ட் கேமராக்களை சார்ஜர் கேபிள்களுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் கொட்டி வைத்திருந்தார் ஒரு பாய். "எதுக்குங்க இதெல்லாம்? நல்ல போனா பாருங்க" என்றார். இன்ஸ்டாகிராமில் 'டிஜிகேம்' மோகம் இன்னும் அங்கே எட்டியிருக்கவில்லை. இப்போது போனால் அதே பெட்டிக்கு அவர் சொல்லும் விலையே வேறு. உங்கள் கைங்கரியம்.

"போன்லயே எடுத்துரலாமே?" என்று நானும்தான் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் போன் என்றால் அப்பா போன் அல்லது அண்ணன் போன். விடியற்காலை அது கடலுக்கோ கான்ட்ராக்ட் வேலைக்கோ போய்விடும். ராத்திரி திரும்பி வரும்போது ஆறு இருட்டில் இருக்கும். இன்னொன்றும் உண்டு. போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், படத்தோடு ஒட்டியிருக்கும் தேதி, நேரம் உள்ளிட்ட தகவல் எல்லாம் கழன்றுவிடும். இந்த இரண்டாவது காரணத்தை அன்றைக்கு மேதாவித்தனமாகச் சொன்னது நான். தேதியை அமைக்க மறந்ததும் அதே நான்.

ஆறு கேமராவை எப்படிப் பொறுக்கினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். மெகாபிக்சலைப் பார்க்கவில்லை, ஏ4 தாளில் ஒட்ட ஐந்து இருந்தால் தாராளம். பார்த்தது முதலில் பேட்டரி. கம்பெனிக்கென்று தனி லித்தியம் பேட்டரி போடும் கேமரா பழசானால் செத்த மாதிரி, அந்த பேட்டரி கிடைக்காது. பென்சில் செல் போடும் கேமரா சாகாது. அதனால் கேனான் பவர்ஷாட் ஏ வரிசை. ஆனால் பெட்டிக்கடையில் விற்கும் சாதா பென்சில் செல் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும்தான் லாயக்கு. லென்ஸை நாலு முறை வெளியே தள்ளுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் பதினாறு வாங்கினோம். அடுத்தது கார்டு. ரொம்பப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது, அந்த அளவு கார்டைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தேன். மூன்றாவது, கண்ணை வைத்துப் பார்க்கும் ஓட்டை. எண்ணூர் வெயிலில் பழைய எல்.சி.டி. திரை கறுப்புக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். ஓட்டை இருக்கிற மாடல் நாலு கிடைத்தது.

யோசிக்காமல் விட்டது சாம்பல். வட சென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாக செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் ஒழுகும் இடத்திலெல்லாம் ஆற்றில் சாம்பல் படிந்திருக்கிறது. காய்ந்தால் பறக்கும். முகப்பவுடரைவிட மெல்லிய துகள். பவர்ஷாட்டின் லென்ஸ் குழல் வெளியே நீண்டு உள்ளே போகும் ஜாதி. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் கொஞ்சம் எண்ணூரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மூன்றாம் வாரம் ஒரு கேமரா லென்ஸை பாதியில் நீட்டிக்கொண்டு கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "இருமுதுணா."

*

எண்ணூரைப் படம் எடுத்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் அறிவித்தது. அறிவிப்பைப் பொய்யாக்கியது படங்கள். கறுத்த பாறைகள், செத்த ஆமைகள், வாளியால் எண்ணெயை மொண்டு ஊற்றும் இளைஞர்கள். அந்த வாளிப் படம் உலகம் சுற்றியது. பிறகு கேமராக்கள் கிளம்பிப் போய்விட்டன. கேமரா என்றால் ஏதாவது நாசம் நடந்தால் வெளியிலிருந்து வருவது என்றுதான் அந்தக் குப்பங்களில் ரொம்பக் காலம் நினைத்திருந்தார்கள். அல்லது சினிமா ஷூட்டிங். அதில் எங்கள் ஊர் ஆட்கள் எப்போதும் கையில் கத்தியோடு இருப்பார்கள்.

இந்தத் திசையை மாற்றியதில் எனக்குத் தெரிந்து முக்கியமானவர் எம். பழனிகுமார். மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் மகன். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022-ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் பெறுநர். துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கேமரா சொல்லிக் கொடுக்கிறவர். அவரிடம் கற்ற வட சென்னைப் பிள்ளைகளின் படங்கள் சென்னையில் காட்சிக்கு வந்திருக்கின்றன. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் கேமரா கொடுத்த ஸானா பிரிஸ்கியின் 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' படத்துக்கு 2005-ல் ஆஸ்கர் கிடைத்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. கொல்கத்தாவில் பிள்ளைகளைத் தேடி வெளியிலிருந்து ஒருவர் வந்தார். இங்கே சொல்லிக் கொடுப்பவரே மீன் கூடையின் வாசனை தெரிந்தவர்.

நாங்கள் அந்த அளவுக்கெல்லாம் எதுவும் செய்துவிடவில்லை. ஆறு கேமரா, பதினெட்டுப் பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒன்று. ஒரே ஒரு விதி: கேமரா சென்டரில் தங்கக் கூடாது, தினமும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு வீட்டில் எதிர்ப்பு வந்தது. "உடைச்சிட்டான்னா யாரு கட்டுறது?" என்று ஒரு அம்மா கேட்டார். யாரும் கட்ட வேண்டாம் என்று சொல்லி அவரை நம்ப வைக்க இரண்டு நாள் ஆனது.

வந்த படங்களில் நான் எதிர்பார்த்த சாம்பலும் குழாயும் குறைவுதான். அம்மாவின் கை அதிகம். தூங்கும் அண்ணன். வலையிலிருந்து நண்டைப் பிரிக்கும் விரல். ஆறாவது படிக்கும் ஒரு பெண் அவள் வீட்டுக் கூரையிலிருந்து தெரியும் குளிர்விப்புக் கோபுரத்தை மட்டும் முப்பத்தோரு முறை எடுத்திருந்தாள், காலை, மதியம், விளக்குப் போட்ட பிறகு. ஏன் என்றேன். "அது எங்க வீட்டு பின்னாடி எப்பவும் நின்னுனே இருக்குதுணா. அதான்." ஆற்றுப் படங்கள் எழுபது, எண்பது தேறும். அவற்றில் சில என் வயிற்றைப் பிசைந்தன. ஒரு பெரியவர் கையால் சேற்றைத் துழாவி இறால் தேடுகிறார். அவர் தோளுக்கும் தண்ணீருக்கும் நடுவே சாம்பல் திட்டு ஒரு தீவு மாதிரி நிற்கிறது.

அந்தப் படங்களைச் சுற்றுச்சூழல் வழக்குகள் பார்க்கும் வக்கீல் தோழி ஒருத்திக்குக் காட்டினேன். காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் 2016-ல் தொடுத்த சாம்பல் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்ன 2022 ஜூலை அது. அவள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "இது என்னைக்கு எடுத்தது?"

2008 ஜனவரி ஒன்று, நள்ளிரவு.

*

படத்துக்குள் தேதியை எழுதி வைக்கும் வழக்கம் 1995-ல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று வகுத்த எக்ஸிஃப் என்ற தரநிலையிலிருந்து வருகிறது. எந்தக் கேமரா, எத்தனை மணி, எவ்வளவு வெளிச்சம் எல்லாம் படத்தின் தலைப்பகுதியில் உட்கார்ந்துவிடும். ஆனால் கேமராவுக்குச் சுயமாக நேரம் தெரியாது. அமைத்த நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. பழைய பவர்ஷாட்களில் அதற்கென்று சட்டைப் பொத்தான் அளவில் தனி பேட்டரி இருக்கும். பஜார் பெட்டியில் பல வருடம் கிடந்த கேமராக்களில் அது எப்போதோ செத்திருந்தது. ஆறும் ஆறு வேறு காலத்தில் இருந்தன. ஒன்று 2005-ல், ஒன்று 2012-ல்.

இங்கேதான் என் தொழில் கொஞ்சம் உதவியது. கேமராவின் கடிகாரம் தப்பான இடத்தில் ஆரம்பித்தாலும் அதன் பின் சரியாகத்தான் ஓடுகிறது. ஒரே ஒரு படத்தின் உண்மையான நேரம் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போடலாம். 214 படத்தையும் வரிசையாகப் பார்த்தேன். கேமராக் கணக்கில் ஜனவரி 3, அதிகாலை 4:27. அந்தப் படத்தில் சென்டரின் சுவர். மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர். 2022 மே 30, திங்கள், அமாவாசை. பக்கத்தில் சுவர்க் கடிகாரம் 4:40 காட்டுகிறது. ஜன்னல் வெயிலைப் பார்த்தால் சாயங்காலம். கழித்துப் பார்த்தேன். முதல் படம் மே 28, பகல் 12:20. காலடியில் சுருண்ட நிழலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மீதிக் கேமராக்களை இதோடு பொருத்த, ஒரே படகை ஒரே நேரத்தில் இரண்டு கேமராவில் எடுத்த படங்கள் இருந்தன. ஒரு ராத்திரியில் ஸ்கிரிப்ட் எழுதி ஆறையும் ஒரே காலத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன். பெருமையாகத் தோழிக்கு அனுப்பினேன்.

"அப்போ ஃபைலை நீ திருத்திட்டே" என்றாள்.

சரியான தேதி வந்ததும் அது தொடப்பட்ட ஆவணம் ஆகிவிட்டது. மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்கும் 65பி என்ற பிரிவு 2000-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் ஃபைலின் ஹேஷ் மதிப்பையே எழுத வேண்டும். ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் மாறும். ஆகவே திருத்தியவற்றைத் தூக்கி ஓரமாக வைத்தேன். மூலப் படங்கள் இன்றும் 2008-லேயே இருக்கின்றன, கூடவே கணக்கை விளக்கி நான் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அந்தத் தாளை எந்த மன்றத்தில் எவ்வளவு மதிப்பார்கள் என்று அவளிடம் கேட்டேன். வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

காலண்டரை எதற்கு எடுத்தாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். கோபுரத்தை முப்பத்தோரு முறை எடுத்த அதே பெண். "அமாவாசைக்கு தண்ணி நல்லா வத்தும்ணா. அப்பதான் சாம்பல் எவ்ளோ கீதுன்னு தெரியும். அமாவாசை அன்னிக்கு எடுத்ததுன்னு மிஸ்ஸுக்கு காட்டணும்ல?" என்றாள். எக்ஸிஃப் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

அதிலிருந்து விதி இரண்டானது. கார்டைப் போட்டதும் முதல் படம் காலண்டரும் கடிகாரமும். சினிமாவில் கிளாப் அடிக்கிற மாதிரி. கேமராவின் தேதியும் அமைத்தாயிற்று, அதை யாரும் நம்புவதில்லை.

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது கரையோர மக்கள் மலிவான காம்பாக்ட் கேமராவை பலூனிலும் காத்தாடியிலும் கட்டிப் பறக்கவிட்டு, ஷட்டரை ரப்பர் பேண்டால் அமுக்கி வைத்து, கறுத்த கடலோரத்துக்கு அவர்களே வரைபடம் தயாரித்தார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. வட சென்னையில் காத்தாடி பற்றிப் பேசிவிட்டு மீள முடியாது. மாஞ்சாவுக்குத் தடை இருக்கிறது, பக்கத்தில் துறைமுகம் இருக்கிறது, போலீஸ் வரும் என்று சொல்லி அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏற்கெனவே ஒரு ஆலையின் காவலாளி இரண்டு பையன்களைக் கேமராவோடு உட்கார வைத்து, எடுத்ததையெல்லாம் அழிக்கச் சொல்லியிருந்தார். அழித்த படங்களை கார்டிலிருந்து மீட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடச் சம்பாத்தியத்தில் அதைவிட உபயோகமாக ஒன்று செய்த ஞாபகம் இல்லை.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, நடு ராத்திரியில் ஜனம் தெருவில் ஓடியது. ஆறில் இரண்டு கேமரா வெள்ளத்தில் போயிருந்தது, ஒன்று ஏற்கெனவே இருமிச் செத்திருந்தது. மிச்சம் மூன்று. மின்சாரம் இல்லாததால் செல்லை சார்ஜ் செய்ய வழியில்லை. டீக்கடை ஜெனரேட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வாரத்து கார்டு என்னிடம் இருக்கிறது. சென்டருக்குள் தண்ணீர் புகுந்து காலண்டர் ஊறிப்போயிருந்தது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முதல் படத்தில் ஒரு சிறிய கை அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. விரல் நகங்களில் கறுப்பு. தாளில் டிசம்பர் 7, வியாழன். கீழே ராகு காலத்தின் மேல் எண்ணெய் ஏறியிருப்பதால் அந்த வரி மட்டும் படிக்க முடியவில்லை.